கண்ணாடிக்கு எவ்வளவு உயரம்

என் வண்டியின் முன்கண்ணாடியை உடைத்தது பக்கத்து வீட்டுத் தென்னை மரம். ஒரு மழை நாளில் காய்ந்த மட்டை ஒன்று, நிறுத்தியிருந்த வண்டியின் மேல் நேராக வந்து விழுந்தது. வேறெங்கும் கீறல்கூட இல்லை. கண்ணாடி மட்டும் குறுக்கே பிளந்து பாதி வண்டியிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தது. கண்ணாடி என்று வாய்வழக்கில் சொல்கிறோமே தவிர அது பிளாஸ்டிக்தான். காப்பிகூடக் குடிக்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரத்தோடு பறஞ்ஞிட்டு எந்து காரியம்?" என்றார். மரத்திடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்கிறாராம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முறைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

எனக்கு முன்கோபம் உண்டு. தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன். ரயிலிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் இறங்கி வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பணிவாகப் பேசிவிட்டு, மிச்சத்தை எல்லாம் வீட்டு வாசலில் இறக்குகிற ஆள். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு இங்கே வந்தவர். நான் பிறந்ததும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்ததும் இந்தத் திருவனந்தபுரத்தில்தான். என் தமிழில் பாதி மலையாளம். எந்த வார்த்தை எந்த பாஷை என்று பேசும்போது எனக்கே தெரியாது. என் மனைவி பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் அவள் தமிழ் அப்படியே இருக்கிறது. மலையாளமும் நன்றாகப் பேசுவாள். ஆனால் அரிசியையும் உளுந்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பதுபோல இரண்டையும் கலக்காமல் வைத்திருக்கிறாள்.

வண்டி பெரியது, தூரப் பயணத்துக்கென்றே செய்தது. மகள் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு, துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வாங்கினேன். அதற்கு முன்னால் எங்களிடம் ஸ்கூட்டர்தான். அந்த ஸ்கூட்டரில் கோவளம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவோம். அவள் என் தோளுக்கு மேலே முகத்தை நீட்டி, கீழ் வீட்டுக் கதையிலிருந்து மகளுடைய மார்க் வரைக்கும் சொல்லி முடிப்பாள். வீட்டுக்குள் எங்களுக்கு அப்படிப் பேச்சு வராது. நான் லாட்ஜில் இருந்து வந்ததும் டிவிக்கு முன்னால் விழுந்துவிடுவேன், அவள் அவளுடைய தையல் மிஷினோடு இருப்பாள். பெரிய வண்டி வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. வேகம் கொஞ்சம் கூடினால் காற்று இரைய ஆரம்பிக்கும். அவள் பின்னாலிருந்து என்னவோ சொல்வாள். "என்ன?" என்பேன். மறுபடி சொல்வாள். "என்னது?" என்று கத்துவேன். "ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடுவாள். அந்த "ஒண்ணுமில்ல" மட்டும் எனக்குத் தெளிவாகக் காதில் விழும்.

மழைக்காலம் முடிந்ததும் கடலோரமாகவே கோவா வரைக்கும் போவதாக நான் திட்டம் போட்டிருந்தேன். லாட்ஜில் துணி வெளுக்க வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அது தெரியும். அப்படி இருக்கும்போதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி போய்விட்டு வந்து, வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

"ஏன், என்ன ஆச்சு?"

"நீங்க கேக்கவே இல்ல."

"அந்தக் காத்துல எப்படி கேக்கும்? நீயே சொல்லு!" என்றேன்.

 அவள் உள்ளே போய் உலை வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட்டேன், தைக்க வேண்டியது இருக்கிறது என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் "நீங்க போயிட்டு வாங்க."

எனக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அவள் இல்லாமல் கோவா என்ன, நெடுமங்காடு வரைக்கும்கூடப் போக எனக்கு மனசில்லை. மகள் போன வீடு ஏற்கெனவே வெறிச்சென்று கிடந்தது. இவளும் இப்படிச் சொல்ல ஆரம்பித்தால், இன்று வண்டிக்குச் சொல்வது நாளைக்குக் கல்யாண வீட்டுக்கு, அப்புறம் கடைத்தெருவுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாகிவிடும். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்து வயசாகிவிடும். இதை எப்படியாவது சரி செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தத் தென்னை மட்டை விழுந்தது. கண்ணாடிதானே மாற்ற வேண்டும்? காற்றே உள்ளே வராதபடி உயரமாக ஒன்று மாட்டிவிட்டால் அவள் சொல்வது எனக்குக் கேட்கும், கேட்டால் வருவாள். இதைவிட லேசான வழி உண்டா என்று நினைத்தேன்.

கரமனைப் பக்கத்தில் வண்டிச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் என் வண்டிக்கு மூன்று உயரத்தில் கண்ணாடி இருந்தது. குட்டையானது, நடுத்தரமானது, நெட்டையானது. போவதற்கு முன்னால் இரண்டு வாரம் கைப்பேசியில் இதைப் பற்றியே படித்தேன். ஆளுக்கொரு கட்சி. நெற்றிக்கு மேலே வர வேண்டும் என்கிறவர்கள், தாடையோடு நின்றால் போதும் என்கிறவர்கள், காற்று வாங்கத்தானே ஐயா பைக் என்று கண்ணாடியையே திட்டுகிறவர்கள். ஆனால் விவரமாக எழுதியவர்கள் பலர் ஒன்றைத்தான் சொன்னார்கள். வண்டியில் உட்கார்ந்து நேரே பார்த்தால் கண்ணாடியின் மேல் விளிம்பு மூக்குக்கு நேராக வர வேண்டும். விளிம்பு காற்றை மேலே தள்ளிவிடும், அது ஹெல்மெட்டின் உச்சியை உரசிக்கொண்டு போய்விடும், கண் மட்டும் விளிம்புக்கு மேலே ரோட்டைப் பார்க்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. உச்சியை எதற்கு உரச வேண்டும்? உரசினால் சத்தம் வருமே!

கடைக்காரர் என் பக்கம்தான். "சேட்டா, பொக்கம் கூடியது எடுத்தோ. காற்று ஒட்டும் அடிக்கில்லா" என்றார். பொக்கம் என்றால் உயரம். உயரமானதை மாட்டினால் காற்று துளிகூட அடிக்காதாம். அவரிடம் அந்த நெட்டைக் கண்ணாடி ரொம்ப நாளாக விற்காமல் கிடந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும் போல இருந்தது. மாட்டச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். விளிம்பு என் நெற்றிக்கும் மேலே இருந்தது. கண்ணாடி வழியாகத்தான் ரோடு தெரிந்தது.

தனியாகவே பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். அடடா! வீட்டு ஜன்னலைச் சாத்தினால் தெருச் சத்தம் அடங்குமே, அப்படி அடங்கிவிட்டது. என்ஜின் சத்தம் கேட்டது, நான் முணுமுணுத்த பாட்டுகூட எனக்குக் கேட்டது. திரும்பும்போது தூறல் விழுந்து கண்ணாடி முழுக்கத் துளி நின்று, ரோடு தெரியாமல் கழுத்தைக் கொக்குபோல நீட்ட வேண்டியிருந்தது. அதையெல்லாம் நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு தடவ வா. விழிஞ்ஞம் வரைக்கும். மீன் வாங்கிட்டு வந்துரலாம்" என்று அவளிடம் கெஞ்சினேன். மீன் என்றதும் கொஞ்சம் இளகினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடியை ஒரு மாதிரியாகப் பார்த்து, "என்ன இது, கதவு மாதிரி இருக்கு?" என்றாள். நான் சிரித்தேன். எல்லாம் வண்டியில் போகும்போது புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பைபாஸில் ஏறி வேகம் பிடித்ததும், "இப்பம் எப்படி இருக்கு, நல்லா கேக்குதா?" என்று சத்தமாகச் சொன்னேன்.  முதுகில் ஒரு தட்டு விழுந்தது. ஆஹா, சந்தோஷத்தில் தட்டுகிறாள் என்று இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினேன். இந்த முறை விழுந்தது குத்து. இரண்டாவது குத்தும் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விழிஞ்ஞத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாயாக்கடை ஓரத்தில் வண்டியை ஒதுக்கினேன்.

இறங்கினவளால் நேராக நிற்க முடியவில்லை. ஹெல்மெட்டைப் பிடுங்குவதுபோலக் கழற்றினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும்தான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஜன்னல் சாத்தின வீட்டில் இருந்தேன். எனக்கு மேலே தாண்டிய காற்று சுருண்டு திரும்பி நேரே அவள் தலையில் இறங்கியிருக்கிறது. அவள் சீட் என்னுடையதைவிட உயரம் வேறு.

"ரெண்டு பேர் தலையப் பிடிச்சு மாத்தி மாத்தி ஆட்டுன மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, நீங்க கேக்கவே இல்லைன்னு!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதுக்குத்தானே இவ்வளவு பொக்கத்துல வாங்கி மாட்டுனேன்! கேக்கலை கேக்கலைன்னு சொன்னே, கேக்கணும்னுதான் மாட்டுனேன். பின்ன இதுக்கு மேல நான் என்னதான் செய்யணும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கேக்கணும்னா? என்னத்த கேக்கணும்னு?"

"நீ பேசுறது எனக்குக் கேக்கணும்னு."

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! நான் காதால கேக்கறதச் சொல்லல. வாயால கேக்கறதச் சொன்னேன்! பின்னால உக்காந்திருக்கியே, எப்படி இருக்கு, கஷ்டமா இருக்கா, நிப்பாட்டணுமான்னு ஒரு நாளாவது கேட்டீயளா? லாட்ஜுக்கு வாரவங்கள்ட்ட எல்லாம் தலவாணி வேணுமா, போர்வை வேணுமான்னு கேக்கீயள்லா!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். மலையாளத்தில் காதில் விழுவதற்குத்தான் கேட்பது என்று பெயர். ஒருவரிடம் விவரம் விசாரிப்பதைச் சோதிப்பது என்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் கிடையாது. லாட்ஜில் நாள் முழுக்க "சோதிச்சோ?", "சோதிக்கட்டே?" என்று பேசிப் பேசி, என் தமிழில் "கேக்கறது" காதுக்கு மட்டும் சொந்தமாகிப் போயிருக்கிறது. கல்யாணமான புதிதில் "உங்க அப்பாகிட்ட சோதிச்சுட்டுச் சொல்லு" என்று நான் சொல்ல, எங்கள் அப்பாவுக்கு என்ன சோதனை வைக்கப் போகிறீர்கள் என்று அவள் முகம் வெளிறியது. அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதே குழி மறுபக்கத்திலிருந்தும் வெட்டிக் கிடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"ஒரு வார்த்த விளக்கமா சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"காத்துல எப்படி கேக்கும்னு நீங்க திருப்பிச் சொன்னதும், கிண்டல் பண்ணுதீயன்னு நினைச்சேன். எனக்கு அழுகையே வந்துட்டு."

 இந்த ஒரு சொல்லுக்காகவா அவள் இத்தனை ஞாயிறுகள் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்? அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்தது. அவளும் தலையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சாயாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு இரண்டு கிளாஸ் சாயாவை நீட்டினார். தூரத்தில் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் அசையாமல் நின்றன. நான் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, இப்பம் கேக்கறேன். பின்னால எப்படி இருக்கு?" என்றேன்.

அப்பப்பா, அவளிடம் இருந்த பதில்! பழைய கண்ணாடி இருந்தபோதே காற்று நெற்றியில் அறையும். சீட் முன்னால் சரிவதால் பிரேக் போட்டால் என் முதுகில் வந்து மோதுவாள். சத்தம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு வந்தவள்தானே. அவளுக்கு முன்னால் ரோடு தெரிய வேண்டும். "வளைவு வரப்போவுதா, பள்ளம் வரப்போவுதான்னு தெரிஞ்சா நானும் உடம்பத் தயாரா வச்சுக்குவேன். ஒண்ணும் தெரியாம மூட்டை மாதிரி இருந்தா பயமா இருக்கும்லா?" என்றாள். நான் சாயாவைக் குடிக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். மீன் வாங்க மறந்தே போய்விட்டோம்.

வீட்டுக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தோம். அடுத்த நாள் இரண்டு பேருமாகக் கரமனைக் கடைக்குப் போனோம். நெட்டைக் கண்ணாடியைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர் முகம் சுளித்தார். நான் குரலை உயர்த்த வாயைத் திறப்பதற்குள், என் மனைவி சுத்தமான மலையாளத்தில், தலைவலியோடு ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்ததை விவரமாகச் சொன்னாள். அவர் மற்ற இரண்டையும் எடுத்து வைத்தார்.

முதலில் நடுத்தரத்தை மாட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். விளிம்பு சரியாக மூக்குக்கு நேரே. "இதான்! படிச்சது இதைத்தான்" என்றேன்.

"நீங்க ஒத்தைக்கு உக்காந்தா அளப்பீய? நான் வரவேண்டாமா?" என்று கேட்டு, என் தோளைப் பிடித்து அவளும் ஏறி உட்கார்ந்தாள். வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கண்ணாடியும் கூடவே எழுந்து, விளிம்பு என் கண்ணுக்குக் குறுக்கே வந்து நின்றது. ரோடு இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரிந்தது. எழுதியவர்கள் எழுதியது சரிதான். உட்கார்ந்து பார் என்றார்கள், எத்தனை பேர் உட்கார வேண்டும் என்பதை நான்தான் யோசிக்கவில்லை. குட்டையை மாட்டச் சொன்னோம். தனியாக உட்கார்ந்தால் தாடையோடு நின்றது, அவள் ஏறியதும் மூக்குக்கு வந்தது.

இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் அவள் விடவில்லை. நடுத்தரத்தில் போய் வந்து, "கொஞ்சம் தலைய ஆட்டுது" என்றாள். குட்டையில் போய் வந்தபோது இறங்கி, ஹெல்மெட்டை நிதானமாகக் கழற்றினாள். "காத்து நேரா வருது. ஆனா அடிக்கல, தடவிட்டுப் போவுது. இதான்" என்றாள்.

எனக்கோ ஹெல்மெட்டுக்குள் காற்று ஓவென்று இரைந்தது. பழைய கண்ணாடியைவிட மோசம். "எனக்கு ஒண்ணுமே கேக்காதே இதுல! நீ பேசுனா என்ன செய்ய?"

"நிப்பாட்டிக் கேளுங்க."

குட்டையையே வாங்கினோம். அதோடு என் கோவாத் திட்டமும் கணக்குத் தப்பிப்போனது. அவள் வண்டியில் வந்தால் நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும், நிறுத்திக்கொண்டே போனால் என்றைக்குக் கோவா போய்ச் சேர்வது? எனக்கு அவசரம் என்பது பிறவிக் குணம். ஆனால் அந்த ஞாயிறு பொன்முடிக்குக் கிளம்பும்போது அவளே ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை. மனசு அப்படி நிறைந்துபோயிற்று எனக்கு.

விதுரா தாண்டினதும் ஒரு தடவை நிறுத்திக் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்த பிறகு இன்னொரு தடவை நிறுத்தினேன். "இப்பதானே கேட்டீய, கேட்டுக்கிட்டே இருக்கணும்னு சொல்லல" என்று சிரித்தாள். வளைவுகளில் அவள் என்னோடு சேர்ந்து சாய்ந்தாள், ஒரு தடவைகூட முதுகில் மோதவில்லை. மேலே தேயிலைச் சரிவு தெரிகிற ஒரு திருப்பத்தில் அவளே தோளைத் தட்டினாள். நிறுத்தினேன். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிக்கொண்டிருந்தது. கல் மதிலில் உட்கார்ந்து கொண்டுவந்த சப்பாத்தியைப் பிரித்தோம்.

ஒரு சப்பாத்தியை அவளிடம் நீட்டி, "பெரிய டூர் போறதுக்கு வருவேல்லா?" என்றேன்.

"வாரேன். ஆனா கோவா உங்க ஆச."

"சரி, அதை விடு. உனக்கு எங்க போணும்? சொல்லு, அங்க போவோம்."

அவள் சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சரிவைப் பார்த்தாள்.  "தெரியலியே" என்றாள். "அப்பா வீட்டுல இருக்கும்போது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிட்டுப் போவாங்க. இங்க வந்த பிறகு நீங்க எங்க போனாலும் நானும் வந்தேன். எனக்கு எங்க போணும்னு யாரும் கேட்டதில்ல. நானும் யோசிச்சதில்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.  எனக்குத்தான் உடனே வாய் பரபரத்தது. மூணார் போலாமா, ராமேஸ்வரம் போலாமா, மகளைப் பார்த்துவிட்டு அப்படியே மைசூர் போலாமா என்று நாலைந்து ஊர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் கையைக் காட்டினாள்.

"பேசாம இருங்க. நான் யோசிக்கணும்."

பேசாமல் இருந்தேன். கீழேயிருந்து ஒரு பஸ் முக்கி முனகி ஏறி வந்து எங்களைத் தாண்டிப் போனது. மஞ்சு வந்து தேயிலையை மூடியது, கொஞ்சம் விலகியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வண்டி எவ்வளவு தூரம் போவும்?"

"பெட்ரோல் போட்டா எங்க வேணும்னாலும் போவும். ரோடு இருக்கற வரைக்கும் போவும்."

அவள் சப்பாத்தியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கையைத் தட்டிவிட்டுக் காலை நீட்டி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பம் கொஞ்சம் பெருசாவே யோசிக்கேன்" என்றாள்.